வழியில் தொலைந்த என் வீட்டுக்காரரை ஏரிக்கரையில் திருப்பித் தந்தாள்

போன அக்கினி நட்சத்திரத்தில், பாஷை தெரியாத ஊரில், என் வீட்டுக்காரரைத் தொலைத்துவிட்டேன். தொலைத்தது நான்தான். வேறு யார் மேலும் பழி இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மீதியைச் சொல்ல எனக்குத் தைரியம் வரும்.

நாங்கள் அயனம்பாக்கம். ஏழு கன்னிமாரைக் கும்பிடுகிற குடும்பம். ஏரிக்கரையில் மஞ்சள் பூசிய ஏழு கல்தான் எங்களுக்குக் கோயில். கன்னியம்மா என்று ஒரே பெயராகக் கூப்பிடுவோம். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூடக் கூச்சப்படுவேன். ஐந்தாவது வரைதான் படித்தேன். இதை எழுதச் சொன்னது என் மருமகள் செல்வி. "கும்புடறவங்களுக்குத்தானே அத்தை எழுதறீங்க, கூச்சப்படாம எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு மூன்று வருஷமாக மறதி நோய். அந்தக் காலத்தில் எங்கள் ஏரிக்கு அவர்தான் நீர்க்கட்டி. மதகைத் திறந்து, யார் நிலத்துக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை பார்த்து விடுகிற வேலை. நிலமெல்லாம் மனையாகி விற்ற பிறகு, வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு காலேஜில் வாட்ச்மேனாக இருந்தார். காலேஜ் அவருக்கு மறந்துவிட்டது. ஏரி மறக்கவில்லை. காலையில் கதவு திறந்திருந்தால் போதும், ஏரிப் பக்கம் நடந்துவிடுவார். புது அடுக்குமாடியில் இருக்கிற பிள்ளைகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவார்கள்.

பெற்ற மகனை "யாருப்பா நீ?" என்று கேட்பார். ஆனால் தினமும் "சரோ எங்க?" என்று கேட்பார். சரோ என்றால் சரோஜா, என் தங்கை. எனக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு ஆறு வயது. அம்மா இல்லாத பிள்ளை. என்னோடு கூடவே வந்துவிட்டாள். இவர்தான் அவளைத் தோளில் தூக்கிப் போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். ரயில்வேயில் வேலை பார்த்த மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, அவள் நாக்பூரிலேயே தங்கிவிட்டாள். இடுப்பில் ஆபரேஷன் ஆனதால் அவளால் வர முடியாது. பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. "அவர் யாரைக் கேக்கிறாரோ அவங்களை இப்பவே காட்டிடுங்க, அப்புறம் அதுவும் மறந்து போகும்" என்று டாக்டர் சொன்னார்.

ரயிலில் போக முடியாது. முன்னே ஒரு தடவை திருத்தணிக்குப் போகும்போது, நடுவில் ஏதோ ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விட்டார். அதனால் என் மகன் குமார், பேத்தி ஹரிணிக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் காரிலேயே போகலாம் என்றான். அவன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். பழைய கார் ஒன்று வைத்திருக்கிறான். பின் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாதபடி அதில் ஒரு பித்தான் இருக்கிறதாம்.

கேள்விப்பட்டு என் கொழுந்தனார் வந்தார். வாசலில் நின்றே சிரித்தார்.

"இன்னா குமாரு, இந்த வெயில்ல அண்ணாத்தேவ இட்டுகினு போற? காசிக்கா? திரும்பி இட்டுகினு வருவியா?"

குமார் என்னைப் பார்த்தான். "நீ இன்னாம்மா சொல்ற?"

"போவலாம்" என்றேன். அந்த ஒரு வார்த்தைதான்.

கிளம்புகிற அன்று விடிவதற்கு முன்னால் ஏழு கல்லுக்கும் மஞ்சள் பூசி, கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன். முதல் நாள் நல்லபடியாகப் போனது. நெல்லூர் தாண்டினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே வந்தார். சுங்கச்சாவடி வரும்போதெல்லாம், "ஏன்டா, ஊருக்கு ஊரு கேட்டு போட்டுகினு கீறானுங்க? மாடு பூந்துடும்னா?" என்பார். பேத்தி விழுந்து விழுந்து சிரிப்பாள். ராத்திரி ஹைதராபாத் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கி, மறுநாள் விடிந்ததும் புறப்பட்டோம்.

இங்கே என் தப்பைச் சொல்ல வேண்டும். பெண்களுக்குப் புரியும். வெளியூர்ப் பிரயாணம் என்றால் நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். குடித்தால் வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும். மகனிடம் போய் அதை எப்படிச் சொல்வது? வாயை நனைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். முதல் நாளும் அப்படித்தான். அப்படியும் இரண்டாம் நாள் காலையில் தாங்க முடியவில்லை. அடிவயிறு வலித்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நிர்மல் என்று ஒரு ஊர். அது வருவதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் குமாரே நிறுத்தினான். பூரி சாப்பிட்டோம். சாப்பிட்டதும் அவன் பக்கத்து பங்கில் டீசல் போடப் போனான். ஹரிணியைக் கூட்டிக்கொண்டு செல்வி பின்பக்கம் போனாள். "அத்தை, மாமாவ பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அவள் வந்ததும் நான் போயிருக்கலாம். "சீக்கிரம் வா, நானும் போவணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பக்கத்து மேஜையில் நாலு லாரிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் சொல்ல வெட்கம். கடைக்கார அம்மாவிடம் இவரைக் காட்டி, பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஜாடையாவது காட்டியிருக்கலாம். அதற்கும் வெட்கம். "இங்கயே குந்தியிருங்க, தோ வந்துட்டேன்" என்று அவரிடம் மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு, வேறு வழியாகப் பின்பக்கம் போனேன்.

திரும்பி வந்தபோது நாற்காலி காலி. டீ பாதி அப்படியே இருந்தது.

முதலில் கை கழுவப் போயிருப்பார் என்று நினைத்தேன். இல்லை. செல்வி வந்தாள். "மாமா எங்க அத்தை?" என்றாள். எனக்கு வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவளே புரிந்துகொண்டு பங்குக்கு ஓடினாள். குமார் ஓடிவந்தான். கடை முழுக்கப் பார்த்தோம். லாரிகளுக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தோம். ரோட்டில் வண்டிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போகின்றன. குறுக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

"உன்ன நம்பித்தானேம்மா உட்டுட்டு போனேன்?" என்று குமார் கத்தினான்.

"அத்தைய ஏங்க திட்றீங்க? நாம ரெண்டு பேரும்தான் எழுந்து போனோம்" என்று செல்வி குறுக்கே வந்தாள்.

அவன் காரை எடுத்துக்கொண்டு வடக்கே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தான். தெற்கே போய்ப் பார்த்தான். எங்கும் இல்லை. கடைக்காரர்கள் போன் போட்டு போலீஸ் ஜீப் வந்தது. சின்ன வயசுப் போலீஸ்காரர், நல்ல மாதிரிதான். கடைசியாகக் கூட இருந்தது நான் என்பதால் என்னிடம்தான் கேட்டார். என்ன சட்டை, என்ன வேட்டி என்று ஜாடையில் காட்டினேன். "பேரு?" என்றார்.

புருஷன் பெயரை வாயால் சொல்கிற வழக்கம் எங்களில் இல்லை. சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். ரேஷன் கார்டில்கூட விரலால்தான் காட்டுவேன். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். போலீஸ்காரர் இந்த அம்மாவுக்கும் மறதியோ என்பது போலப் பார்த்தார். குமார்தான் வந்து பெயரைச் சொன்னான்.

இப்படி வழி தவறுகிற வயசானவர்கள் ஏதாவது பஸ்ஸில் ஏறிவிடுவார்களாம். அதனால் நிர்மல் பஸ் ஸ்டாண்டில் தேடலாம் என்று குமாரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் மூன்று பேரும் கடையில் இருந்தோம்.

மணி பதினொன்று ஆகிவிட்டது. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். நம் ஊர் வெயில் புழுங்கும். அது தீ மாதிரி சுட்டது. "பெரியவங்க இந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் தாங்க மாட்டாங்க" என்று லாரிக்காரர் ஒருவர் இந்தியில் சொன்னாராம். பள்ளிக்கூடத்தில் இந்தி படிக்கிற ஹரிணி அதைப் புரிந்துகொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் காணாமல் போய் ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு வேப்ப மரம். அதன் அடியில் போய் உட்கார்ந்தேன். எனக்கு உயிர் இல்லை. என் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டு, அவரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சாமியிடம்கூட நான் சத்தமாகக் கேட்டது கிடையாது. அன்றைக்குக் கேட்டேன்.

"கன்னியம்மா, வாய் தொறக்காம கெட்டேன்டியம்மா. அவரு உனக்கு வருஷம் தவறாம கற்பூரம் ஏத்தினவரு. உன்ன கேக்காம மதகுல கை வெச்சதில்ல. என்ன எடுத்துக்க. அவர காட்டு. எங்கன்னு மட்டும் காட்டு."

இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்போதுதான், என் காதுக்குள் அவர் பேசியது கேட்டது. அம்மா சத்தியமாகச் சொல்கிறேன், பக்கத்தில் நின்று பேசுவது போலக் கேட்டது. அன்று காலையில், கடைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் காரில் அவர் சொன்னதுதான். ஜன்னல் வழியாக ஏதோ ஏரி தெரிந்தது. "தண்ணி நிக்குது பார்ரா, மதகு அடச்சிகினு கீது. எவன்டா இங்க நீர்க்கட்டி?" என்றார். "மாமா, அது தெலுங்குக்காரங்க ஏரி" என்று செல்வி சிரித்தாள். "தண்ணிக்கு இன்னா தெலுங்கு, தமிழு?" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மறந்துபோனோம்.

அவர் பஸ் ஏறப் போகவில்லை. வேலைக்குப் போயிருக்கிறார்.

எழுந்தேன். செல்வியை விட்டுக் குமாருக்குப் போன் போடச் சொன்னேன். "ஏரிப் பக்கம் போயிருப்பாருடா" என்றேன்.

"ம்மா, இங்க பஸ் பஸ்ஸா தேடிகினு கீறோம். ஏரியாம் ஏரி! நீ சும்மா குந்தியிரு" என்று வைத்துவிட்டான்.

அவன் மேல் தப்பில்லை. அவன் பதற்றம் அவனுக்கு. ஆனால் சும்மா குந்தியிருந்துதான் நான் அவரைத் தொலைத்தேன். இனிமேல் குந்தியிருக்க மாட்டேன் என்று முடிவு செய்தேன்.

நேராகக் கடைக்கார அம்மாவிடம் போனேன். பூரி போட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் கீரை விற்க வரும் தெலுங்குக்காரம்மாவிடம் கேட்டுக் கேட்டு எனக்கு நாலு தெலுங்கு வார்த்தை தெரியும். "செருவு எக்கட?" என்றேன். ஏரி எங்கே என்று அர்த்தம். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். கடையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று நின்றேன். நரைத்த தலையைக் காட்டி, காலைக் காட்டி, அவர் நடந்து போன மாதிரி நடந்தும் காட்டினேன்.

அவள் பெயர் லச்சம்மா. அந்தப் புண்ணியவதியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கரண்டியை வைத்தாள், அடுப்பை அணைத்தாள், ஒரு குடையை எடுத்துக்கொண்டு, "பத, பத" என்று, வா போகலாம் என்பது போல எனக்கு முன்னால் நடந்தாள்.

"அத்தை, இந்த வெயில்ல எங்க போறீங்க? உழுந்துடுவீங்க" என்று செல்வி கையைப் பிடித்தாள்.

"உழுந்தா தூக்கு. தண்ணி பாட்டில எடுத்துகினு வா" என்றேன்.

பதினைந்து வருஷத்தில் நான் அவளுக்கு இட்ட முதல் கட்டளை அதுதான் என்று இப்போது சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

கடைக்குப் பின்னால் சோளம் அறுத்த கழனி. வண்டிப் பாதையில் போகலாம் என்று லச்சம்மா காட்டினாள். ஆனால் பக்கத்தில் காய்ந்த கால்வாய் ஒன்று ஓடியது. நீர்க்கட்டி வண்டிப் பாதையில் போக மாட்டார். கால்வாயில்தான் இறங்குவார். தண்ணீர் எங்கே தடைப்பட்டது என்று பார்த்துக்கொண்டே எதிர்த்து நடந்து மதகுக்குப் போய்ச் சேருவார். அதுதான் அந்த வேலை. நான் கால்வாயில் இறங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே புழுதியில் கால் தடம். வலது கால் நன்றாகப் பதிந்திருந்தது. இடது கால் இழுத்து இழுத்துக் கோடு போட்டிருந்தது. அவர் நடை அது.

"ஆயா, தாத்தா கால்!" என்று ஹரிணி கத்தினாள்.

எனக்கு முழங்கால் வலி உண்டு. அன்று முழங்கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. தடத்தைப் பிடித்துக்கொண்டே போனோம். பெரிய கரை ஒன்று எதிரே வந்தது. நாலு காலால் ஏறுவது போலக் கையை ஊன்றி ஏறினேன். கரை மேல் போய் நிமிர்ந்தால், என் எதிரே ஒரு கல்.

மஞ்சள் பூசிய கல். குங்குமம். பக்கத்தில் சிவப்பு வளையல், எலுமிச்சம்பழம்.

லச்சம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கட்ட மைசம்மா" என்றாள். கட்ட என்றால் கரை. அந்த ஊர் ஏரிக்கரையைக் காக்கிற அம்மா. எனக்கு உடம்பு சிலிர்த்துப் போனது. எத்தனையோ நூறு மைல் தாண்டி வந்து, யாரும் இல்லை என்று அழுதேனே! எனக்கு முன்னால் வந்து அவள் நின்றுகொண்டிருக்கிறாள். வேறு பெயர். அதே மஞ்சள்.

கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஏரிக்குள் பார்த்தேன். அவர் இருந்தார்.

ஏரியில் பாதிக்கு மேல் வற்றிச் சேறாகக் கிடந்தது. சேற்றுக்கு அப்பால் தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு கல் தூண். நம் ஊர் மதகு மாதிரியேதான். அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, முட்டி அளவு சேற்றில் அவர் போய்க்கொண்டிருந்தார்.

லச்சம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். "குண்ட! குண்ட!" என்று தண்ணீரைக் காட்டினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆழம் காட்டினாள். புரிந்துவிட்டது. எங்கள் ஏரியிலும் உண்டு, இயந்திரம் வைத்து மண் எடுத்த பள்ளம். மேலே பார்த்தால் சமமான தண்ணீர். கால் வைத்தால் ஆள் இல்லை. அவருக்கும் அதற்கும் நடுவில் பத்து அடிகூட இல்லை.

"மாமா! அங்க போவாதீங்க, மாமா!" என்று செல்வி கத்தினாள்.

அவர் திரும்பினார். கையை ஓங்கினார். "கிட்ட வராதீங்கடா! இன்னிக்கு மொற எங்களுது! தெறந்துட்டுதான் வருவேன்!" என்று இன்னும் இரண்டு அடி உள்ளே போனார். தண்ணீர்ச் சண்டைக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஹரிணி "தாத்தா" என்றாள். இன்னும் ஒரு அடி போனார். கூப்பிடக் கூப்பிட உள்ளே போகிறார். இறங்கிப் பிடிக்கலாம் என்றால், ஆளைப் பார்த்ததும் பாய்ந்துவிடுவார். "ஏங்க, இங்க பாருங்க" என்று நானும் கூப்பிட்டேன். என் குரல் கரையைக்கூடத் தாண்டவில்லை.

கல்லைப் பார்த்தேன். "தாயே, குரல கொடு" என்றேன்.

அப்புறம் கத்தினேன்.

"முனுசாமி! ஏய், முனுசாமி!"

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது. எதிர்க்கரையில் மேய்ந்த ஆடுகள் தலையைத் தூக்கின. அவர் நின்றார். தூக்கிய காலை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பினார்.

"எவடி அது? எவ எம் பேர சொல்றது?"

"நான்தான்! மரகதம்! உன் பொண்டாட்டி!"

"பொண்டாட்டி பேரு சொல்லுவாளாடி? இன்னா திமிரு உனக்கு? இரு, வந்து வெச்சிக்கிறேன்."

"வா, முனுசாமி! வந்து வெச்சிக்கோ! தைரியம் இருந்தா வா!"

அவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நான் பெயரைச் சொல்லிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தேன். நின்றால் அவரும் நின்றுவிடுவார் என்று பயம். முனுசாமி, முனுசாமி என்று ஐம்பது வருஷத்துப் பாக்கியையும் அங்கே சொல்லித் தீர்த்தேன். "இன்னொரு தபா சொல்லு ஆயா! இன்னொரு தபா!" என்று ஹரிணி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டே குதித்தாள். அவர் திட்டிக்கொண்டே சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்து, கரை ஏறி, என் முன்னால் வந்து நின்றார். இடுப்பு வரை சேறு. முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. கையை ஓங்கினார்.

அந்தக் கை என் தோளில் வந்து உட்கார்ந்தது.

"வெயில்ல ஏன்டி வந்த? கஞ்சி எடுத்தாந்தியா?"

தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். கடகடவென்று குடித்தார். பாதியில் நிறுத்தி, "நீ குடிச்சியா?" என்று என்னிடம் நீட்டினார். முந்தின நாள் விடியலில் இருந்து நான் குடிக்காத தண்ணீரையெல்லாம் அங்கே நின்று குடித்தேன். கல்லில் இருந்த மஞ்சளை எடுத்து அவர் நெற்றியில் வைத்தேன். அவர் ஏரியைப் பார்த்து, "இது எந்த ஏரி?" என்றார்.

செல்வி போன் போட்டு, குமார் ஜீப்பில் வந்து சேர்ந்தான். சேற்றோடு சேர்த்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "நீ சொன்னியேம்மா, நான் கேக்கலியே" என்று அழுதான். "ஏன் பாபு அழுவுற? யாரு ஊட்டுப் பையன் நீ?" என்று அவர் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பு சூடு மிகவும் ஏறியிருந்ததாம். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தால் தண்ணீர் வேண்டாம், வெயிலே போதுமாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். சாயங்காலம் குமார் என்னிடம் வந்தான். "போதும்மா. காலைல ஊருக்கே திரும்பிடலாம்" என்றான்.

"இல்ல. சரோஜா ஊட்டுக்குப் போறோம்" என்றேன்.

கன்னியம்மா பாதியில் விடுவதற்காக அவரைத் திருப்பித் தரவில்லை. எனக்கு அது உறுதியாகத் தெரிந்தது. மறுநாள் மத்தியானம் நாக்பூர் போய்ச் சேர்ந்தோம்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். வாசலில் கோல் ஊன்றி நின்ற நரைத்த தலைக்காரியை அவருக்குத் தெரியவில்லை. "சரோ எங்கம்மா போயிருக்கா?" என்று அவளிடமே கேட்டார். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மூன்று நாள் அப்படியே போனது. நான் கும்பிடுவதை விடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் அவள் கண்ணாடி போடாமல் பேப்பரை முகத்தோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர் திடீரென்று அதட்டினார்.

"ஏய் சரோ, எத்தினி தபா சொல்றது? புஸ்தகத்த கண்ணுல ஒட்டிக்காத. கண்ணு பூடும்."

"சரி மாமா" என்றாள் அவள். பேப்பரைத் தள்ளி வைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை அவளிடம் பள்ளிக்கூடத்துக் கதை பேசினார். விளக்கு வைத்ததும் மறுபடி மறந்துவிட்டார். "ஒரு மத்தியானம் கெடச்சிதேக்கா, அது போதும்" என்றாள் என் தங்கை.

அவர் நோய் குணமாகவில்லை. அப்படியானால் சாமி என்னதான் செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். நான் நோயைக் கேட்கவில்லை. ஆளைக் கேட்டேன். ஆளைக் கொடுத்தாள். கூட எனக்கு வாயையும் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது வழியெல்லாம் தண்ணீர் குடித்தேன். "குமாரு, வண்டிய நிறுத்து" என்று நாலு இடத்தில் சொன்னேன். அவன் மறுபேச்சு பேசாமல் நிறுத்தினான். அவருடைய சட்டை ஒவ்வொன்றிலும் உள்பக்கம் துணி வைத்துப் பெயரும் போன் நம்பரும் நானே தைத்திருக்கிறேன். பக்கத்து அடுக்குமாடியில் வீடு வீடாகப் போய், இவரைப் பார்த்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். முன்னே என்றால் அவர்கள் கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

இன்னும் காலையில் சில நாள் ஏரிப் பக்கம் கிளம்பிவிடுவார். நான் கேட்டில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். திட்டிக்கொண்டே திரும்பி வருவார். ஒரு நாள் கொழுந்தனார் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணி, அண்ணாத்தே பேர தெருவுல ஏலம் உட்றீங்க? ஆயுசு கொறையும், தெரியுமில்ல?"

"கொறஞ்சிருந்தா அவரு இப்ப இங்க இருப்பாரா தம்பி?" என்றேன்.



இதைப் படிக்கிற உங்களுக்கு என்ன கஷ்டமோ எனக்குத் தெரியாது. என்னைப் போல மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு யாராவது இருந்தால் அவர்களுக்குத்தான் இதை எழுதினேன். சாமியிடம் சத்தமாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள், எழுந்து நடங்கள். எந்த ஊர் ஏரியாக இருந்தாலும் கரை மேல் ஒருத்தி மஞ்சள் பூசிக்கொண்டு நமக்காக நிற்கிறாள். என்ன கேட்பது என்று தெரியாவிட்டால், முதலில் குரலைக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.